நாளையிண்டைக்கு

முதலில் ஒரு சதுரம் போட்டேன்.
மேல்மூடியைக் கழற்றினால் ப.
வலது சுவரையும் உருவினால் ட.
இரண்டும் எந்தக் காலத்துப் பிள்ளைகளோ,
இன்னும் பிறக்கவில்லை என்பது போலத்
திரையில் விறைத்து நின்றன.

பட்டம் என்று தட்டிப் பார்த்தேன்.
எல்லாம் மூலை. எல்லாம் தடிப்பு.
காலிமுகத்திடலில் காற்றுக்கு வாலாட்டும்
பொலித்தீன் சாமான் இல்லை இது,
உருக்கில் வார்த்து விண்ணுக்கு விட்டது.

பிறகு ழ வந்தது.

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
மேசை நடுங்கும் அறையில்
பதினொரு இரவு அதோடு இருந்தேன்.
வாலை வெட்டினால் ம ஆகிவிடுகிறது.
விட்டால் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது.
கட்டத்துக்குள் வா என்றேன்.
நாக்கை மடித்துக்கொண்டு
அப்படியே கிடந்தது.

கடலை நிரப்பி எடுத்த நிலத்தில்
கண்ணாடிக் கட்டடம் எழுப்புகிறவர்கள்
கேட்டது ஒரே ஒரு சொல், மூன்று மொழியில்.
அனாகதய. ஃபியூச்சர். எதிர்காலம்.
"விண்கலத்தில் எழுதியிருக்கிற மாதிரி வேணும்" என்றார் ஷெஹான்.
பிறகு, "உங்கட மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?
கொஞ்சம் சின்னனாக்கலாமே."

சின்னனாக்கவில்லை.
155ஆம் பஸ்ஸில் மூன்றாவது ஆளுக்கு
இடம் விடுவது போல
எழுத்துகளை ஒதுங்கி இருக்கச் சொன்னேன்.
புள்ளியை வட்டமாக விட மனமில்லை:
மெய்யின் தலையில் ஒரு செங்கல்.
ரவும் அரவும் ஒரே இரும்பு என்று தோன்றும்.
இல்லை. ரவுக்கு அகலம்
இரண்டு மில்லிமீற்றர் கூட வைத்தேன்.
ஒருவருக்கும் தெரியாது.
தெரியவும் தேவையில்லை.
ரவுக்குத் தெரிந்தால் போதும்.

எழுத்துருவுக்குப் பெயர் கேட்டார்கள்.
நாளைக்கு என்று வைத்தால் பொய்யாகிவிடும்.
நாளையிண்டைக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

பூட்ட வந்தவர் நிஷாந்த, அவிசாவளைக்காரர்.
தமிழ் வாசிக்க வராது.
ஒவ்வொரு துண்டின் முதுகிலும்
சோக்கால் எண் போட்டு அனுப்பியிருந்தேன்.
அன்றிரவு மழை. எண்களைக் கழுவிக்கொண்டு போனது.

காலை ஏழரைக்கு அழைத்தார்.
"மிஸ், படத்தைப் பார்த்து எல்லாம் அடுக்கிவிட்டேன்.
இரண்டு துண்டு மட்டும் ஒரே மாதிரி.
ஆனால் டேப் பிடித்துப் பார்த்தால் ஒன்றில்லை.
இரண்டு மில்லி வித்தியாசம்.
எது எங்கே?"

சிங்களத்தில்தான் கேட்டார்.
நான் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்தது.
ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது
என்று பிறகு சொன்னேன். ரயில் ஒன்றும் போகவில்லை.

எல்லாம் சரியாகத்தான் ஏறியது,
ர் முடிந்த இடத்தில்
சுவருக்குப் பின்னால் ஒரு தூண் இருந்ததைத் தவிர.
ஆணி இறங்கவில்லை.
ஒரு சாண் தள்ளிப் பூட்ட வேண்டியதாயிற்று.

இரவு விளக்குப் போட்டார்கள்.
முப்பதடி உயரத்தில்,
கோணம் கோணமாக, வெள்ளையாக,
எதிர்
காலம்
என்று எரிந்தது.
ஷெஹான் கைதட்டினார். சுத்தமாக இருக்கிறது என்றார்.
நிஷாந்த என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு அந்த இடைவெளியைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

மிச்சக் காசு இன்னும் வரவில்லை.
எப்போது கேட்டாலும் நாளை மறுநாள்தான்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனேன்.
பகல். விளக்கில்லை.
அந்த ஒரு சாண் இடத்தில்
காகம் ஒன்று குந்தியிருந்தது,
கறுப்பாக, தடிப்பாக,
என் கட்டம் எதிலும் அடங்காத தோளோடு.
தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்க்க
சொல் சேர்ந்திருந்தது.

பறக்காதே என்று
அதனிடம் எப்படிச் சொல்வது?